ரத்தத்தின் சாட்சியம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலை என் தாயாரிடம் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'ரத்தம் பொய் சொல்லாதும்மா.' சொன்ன சமயத்தில் இது நல்ல வாக்கியமாகவே பட்டது. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். வாக்கியம் சரியாக விழுந்துவிட்டால் அது உண்மையாகவும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுவிடுகிறான்.

சந்தர்ப்பம் இது. அம்மாவுக்கு ஆறு வருஷங்களாகச் சர்க்கரை வியாதி. இரண்டாம் வகை, மாத்திரையோடு நிற்கிறது. வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் விரலைக் குத்திப் பார்த்து, நூறு பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எண்கள் மட்டும் குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும். காலையில் 130, 138, 141. சாப்பிட்ட பின் 165, 178, 170. இவற்றைக் கூட்டி வகுத்துப் பார்த்தால் சராசரி 155 பக்கம் வரும். அந்த மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்தோம். 8.1 சதவீதம். அதைச் சர்க்கரை அளவாக மாற்றினால் சராசரி 186. நோட்டுக்கும் ரத்தத்துக்கும் நடுவே முப்பது தொக்கி நின்றது.

வங்கியில் வேலை பார்ப்பவன் நான். முப்பது துண்டு விழுந்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பிரதியைப் படிப்பதுபோல் படித்தேன். முரண்கள் கிடைத்தன. தேடினால் எந்தப் பிரதியிலும் கிடைக்கும். ஓரிடத்தில் '152' என்று எழுதிப் பக்கத்தில் 'ராத்திரி ஒண்ணும் சாப்பிடலை' என்று குறிப்பு. இரவு பட்டினி கிடந்தவளுக்குக் காலையில் எப்படி ஏறும்? இது போதும் என்று தோன்றிவிட்டது. சமையலறைப் பரண்வரை தேடி வெல்ல டப்பாவைக் கண்டெடுத்து, மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டு மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். அவள் வெல்லத்தைப் பார்க்கவில்லை. 'நான் எதுக்குத் தம்பி பொய் எழுதணும்? யாருக்கு எழுதப்போறேன்?' என்றாள். அதற்குப் பின் நோட்டில் எதுவும் எழுதவில்லை. ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மனுஷி தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்கும், அவள் உடம்பிலிருந்து எடுத்த எண்ணும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது? அவளை நம்பாமல் இருக்க எண் நமக்கு எவ்வளவு தூரம் உரிமை தருகிறது? இது வைத்தியக் கேள்வியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ஆனால் நான் அம்மாவிடம் நடந்துகொண்டதில் வைத்தியம் எதுவும் இல்லை. ஒரு நீதிபதியின் தோரணைதான் இருந்தது.

இந்தத் தோரணை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பாதி நம் பாஷையிலேயே இருக்கிறது. 'சர்க்கரை வியாதி' என்ற பெயரே ஒரு குற்றச்சாட்டு. மஞ்சள் காமாலை வந்தவனைப் பார்த்து 'மஞ்சளை அள்ளித் தின்றாயா' என்று யாரும் கேட்பதில்லை. பழைய ஆயுர்வேத நூல்கள் மதுமேகம் என்றன. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் குறித்து வைத்தன. அது வெறும் கவனிப்பு. அது குற்றமாக மாறுவது பத்தியம் என்ற சொல்லோடு சேரும்போது. நம் ஊர் வைத்தியத்தில் மருந்து தோற்பதே கிடையாது. குணமாகவில்லை என்றால் பத்தியம் முறிந்தது என்று பொருள். இங்கிலீஷ் வைத்தியம் எத்தனையோ விஷயங்களில் நாட்டு வைத்தியத்தோடு சண்டை போட்டது. இந்த ஒன்றை மட்டும் 'கண்ட்ரோல்' என்று பெயர் மாற்றிச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. 'கண்ட்ரோல் இல்லை' என்று டாக்டர் சொல்லும்போது சர்க்கரையைச் சொல்கிறாரா, ஆளைச் சொல்கிறாரா என்பது தெளிவாக இருப்பதில்லை. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் அரை வயிறாகக் கிடந்து 'நல்ல ரிசல்ட்' வாங்கிக்கொண்டு வரும் பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் உண்டு. அது ஏமாற்று என்று நினைத்திருந்தேன். வாத்தியார் முன்னால் கையை நீட்டி நிற்கிற பயம் என்று இப்போது தோன்றுகிறது.

எண் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். முதலில் அந்த 152. 1848-இல் பாரிஸில் க்ளோத் பெர்னார் என்ற உடலியல் அறிஞர் சர்க்கரையே கலக்காமல் இறைச்சி மட்டும் தின்ற பிராணியின் ரத்தத்திலும் சர்க்கரை இருப்பதைக் கண்டார். ஈரலை விட்டு வெளியே வரும் ரத்தத்தில் அது நிறைய இருந்தது. உடம்பு தானே சர்க்கரையை உண்டாக்குகிறது என்பது அன்று பெரிய அதிர்ச்சி. விடியற்காலையில், நாம் எழுவதற்கு முன்பே, கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் உடம்பை எழுப்பத் தயார் செய்கின்றன. ஈரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. ஆரோக்கியமான உடம்பில் இன்சுலின் அதைச் சமன் செய்துவிடும். இரண்டாம் வகை நோயில் இன்சுலினின் பேச்சை ஈரல் சரியாகக் கேட்பதில்லை. எனவே பட்டினி கிடந்தவளுக்கும் காலையில் ஏறும். சில நாள் சாப்பிட்ட பிறகு இருப்பதைவிடக் காலையில் கூடுதலாகவே இருக்கும். என் தாயார் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு எழுதி வைத்த குறிப்பு, பெர்னார் எழுதி வைத்ததன் ஜாதியைச் சேர்ந்தது. பி.ஏ. படித்த நான் அதைத்தான் பொய் என்று முடிவு செய்தேன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஜில்லாக்காரனுக்குப் பாரிஸ்வரை போக வேண்டியதில்லை. மேட்டூர் போதும். பேப்பரைப் பிரித்ததும் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிற பழக்கம் இங்கே நிலமே இல்லாதவனுக்கும் உண்டு. முழுக் கொள்ளளவுக்கு 120 அடி, 93.47 டி.எம்.சி. ஆனால் அடியை மட்டும் படித்துவிட்டு யாரும் பேப்பரை மடிப்பதில்லை. வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று பார்த்த பிறகுதான் பேச்சு. ஆடியில் வெள்ளம் வந்துகொண்டிருக்கும்போது உள்ள நூறு அடியும், தை மாதத்தில் வரத்து நின்று இறங்கிக்கொண்டிருக்கும் நூறு அடியும் ஒரே நூறு அடி என்று சொல்கிறவனை டீக்கடையில் உட்காரவிட மாட்டார்கள். ரத்தச் சர்க்கரையும் ஒரு மட்டம்தான். குடலிலிருந்தும் ஈரலிலிருந்தும் வரத்து. தசைக்கும் மூளைக்கும் திறப்பு. ஜூரம், தூக்கமின்மை, ஆஸ்துமாவுக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் மதகில் கை வைக்கின்றன. ஆற்று விஷயத்தில் இத்தனை நுட்பம் தெரிந்த ஜனங்கள் உடம்பு விஷயத்தில் ஒற்றை எண்ணுக்கு நடுங்குகிறோம்.

அளக்கும் கருவியின் யோக்கியதை அடுத்தது. வீட்டு மீட்டருக்கு 2013-இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமம் இதுதான்: நூறு மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். அதாவது உண்மையில் 140 உள்ளவருக்கு 119 என்றும் காட்டலாம், 161 என்றும் காட்டலாம். இரண்டும் நல்ல மீட்டர்தான். வாழைப்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் கணக்கில் சேரும். லாபரட்டரியிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. குழாயில் எடுத்த ரத்தத்தை உடனே பிரிக்காமல் வைத்திருந்தால் அதிலுள்ள அணுக்கள் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம்வரை சர்க்கரையைத் தின்றுவிடுகின்றன. அதைத் தடுக்கக் குழாயில் ஃப்ளூரைடு சேர்க்கிறார்கள். அது வேலை செய்யத் தொடங்குவதற்குள்ளும் கொஞ்சம் குறைந்துவிடும். ரத்தம் பொய் சொல்லுமா என்று கேட்டால், குழாயில் நின்றுகொண்டே தன்னைத் தின்று குறைத்துச் சொல்லும் என்று பதில்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்த விவகாரம் புதிதில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பெய்த பருவங்களில் அரசாங்கம் அதைத் தளர்த்துவதும் உண்டு. ராத்திரிப் பனியில் கிடந்த நெல்லைக் காலையில் அளந்தால் ஒரு எண், வெயிலில் கிளறிவிட்டு மத்தியானம் அளந்தால் வேறு எண். 18 காட்டியதால் திரும்பக் காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: 'மெஷின் தப்புன்னு நான் சொல்லலை சார். மெஷினுக்கு நேத்து பனி பெஞ்சது தெரியாதுங்கிறேன்.' அறிவுத்தோற்றவியல் பற்றி இதைவிடச் சிக்கனமான ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

கோடு எங்கே விழுகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 1997 வரை வெறும் வயிற்றில் 140 வந்தால்தான் நீரிழிவு. அந்த வருஷம் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு அதை 126 ஆக இறக்கியது. பிற்பாடு உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. 130 என்ற எண்ணோடு படுத்தவர் மறுநாள் காலை நோயாளியாக எழுந்தார். அவர் உடம்பில் ராத்திரி எதுவும் நடக்கவில்லை. கோட்டை இறக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு: அந்த அளவிலேயே கண்ணின் விழித்திரை கெடத் தொடங்குகிறது என்று தெரியவந்தது. நான் சொல்ல வருவது, 126 என்பது தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மாதிரி எங்கோ நின்றுகொண்டிருந்து யாரோ கண்டுபிடித்த ஒன்றல்ல என்பதுதான். மனிதர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது.

பெர்னார், நோய் என்பது ஆரோக்கியத்தின் கூடுதல் குறைச்சல்தான் என்று நினைத்தார். இயல்பான சர்க்கரை கொஞ்சம் ஏறினால் நீரிழிவு; ஒரே வண்டி, வேகம்தான் வேறு. 1943-இல் ஜார்ஜ் கான்கிலெம் தம் மருத்துவ ஆய்வேட்டில் இதை மறுத்தார். இயல்பு, நோய் ஆகியவற்றைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் நீரிழிவே முக்கியமானது. நீரிழிவுக்காரர் ஆரோக்கியமான மனிதரோடு கொஞ்சம் சர்க்கரையைக் கூட்டிய தொகை இல்லை. அவருடைய உடம்பு முழுக்க வேறொரு நியதியில் வாழத் தொடங்கியிருக்கிறது. மனிதர்கள் தங்களை நோயுற்றவர்களாக உணர்ந்ததால்தான் மருத்துவம் என்ற ஒன்று உண்டாயிற்று என்றார் கான்கிலெம். எனக்கு இது பிடித்த வாதம். ஆனால் என் வீட்டு விவகாரத்துக்கு இது முழுக்கப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மா எதையும் உணரவில்லை. கண்புரைக்காகப் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு காகிதம் அவளை நோயாளி ஆக்கியது. வலியில்லாமல் வருஷக்கணக்காக வேலை செய்யும் இந்த நோயில் நோயாளியின் உணர்வு கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. சில சமயம் காலில்.

என் தகப்பனார் விஷயம் அப்படி. தொண்ணூறுகளில் அவர் வீட்டிலேயே பெனடிக்ட் கரைசல் வைத்திருந்தார். ஐந்து மில்லி நீலத் திரவம், எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கு. நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் அன்று வீட்டில் யாரும் அவரோடு பேச மாட்டோம். நீலம் வந்த நாட்களில் எனக்கு மிட்டாய்க்குக் காசு கிடைக்கும் என்பது எவ்வளவு விசித்திரம் என்று அப்போது உறைக்கவில்லை. ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். வயது ஏற ஏற அந்த வாசற்படி இன்னும் உயர்கிறது. நீலமான காலைகள் பலவற்றில் அவர் ரத்தம் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கலாம். காலில் புண் வந்த வாரத்திலும் குழாய் நீலமாகத்தான் இருந்தது.

ஆகவே எண்ணைச் சந்தேகிப்பது சுகமான காரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'மெஷின் தப்பு' என்று சொல்லியே விரலை இழந்தவர்கள் உண்டு. புதிதாக நோய் கண்டவர்களைப் பிரிட்டனில் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 1998-இல் வெளியான பெரிய ஆய்வில், ஏ1சி சராசரி 7.0 ஆக இருந்த குழுவுக்கு, 7.9 ஆக இருந்த குழுவைவிடக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்ச் சேதங்கள் 25 சதவீதம் குறைவு. இந்த எண்கள் கெட்டியானவை. ஆனால் அவை ஆயிரக்கணக்கானவர்களின் பத்து வருஷத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு கூட்டத்துக்குச் சொன்ன வார்த்தையை எடுத்து ஒரு ஆளின் ஒரு ராத்திரியின் மேல் எறிகிற இடத்தில்தான் தவறு நடக்கிறது. நான் அதைத்தான் எறிந்தேன்.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஜில்லாவின் எழுத்தாளர்கள் சாப்பாட்டின் ருசியை எழுதிய அளவுக்கு அதன் விலையை எழுதவில்லை என்பது என் பழைய குறை. ஆடுதுறை 27 அறுபதுகளின் நடுவில் வயலுக்கு வந்ததும், குறுவை பெருத்ததும், ஆலையில் தீட்டிய வெள்ளைச் சோறு மூன்று வேளையும் எல்லார் இலையிலும் விழுந்ததும் பசியின் சரித்திரத்தில் ஒரு வெற்றி. அந்தச் சோற்றைத் தின்றதைத்தான் இன்று ஒழுக்கக் கேடாகப் பேசுகிறோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல், பெரியவர்களில் 11.4 சதவீதம். பத்துக் கோடிப் பேரும் ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாட்டை இழந்தார்கள் என்று நம்புகிறவன் எதையும் நம்புவான். இப்போது அதே ஜில்லாவில் காட்டுயானமும் கருப்புக் கவுனியும் 'சுகருக்கு நல்லது' என்ற சீட்டோடு நாலு மடங்கு விலைக்கு விற்கின்றன. தவிடு போகாத அரிசி மெதுவாகச் செரிக்கும் என்பது சரி. விலையில் பாதி பாவமன்னிப்புக்கு என்று எனக்குத் தோன்றும்.

இனி அந்த முப்பது. வங்கியில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய ஹெட் காஷியர் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். கணக்கு உதைத்தால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும். 5,400-ஐ 4,500 என்று எழுதியிருப்பாய். அதையும் பார்த்து, நோட்டுக் கட்டை மறுபடி எண்ணி, வவுச்சர்களைப் புரட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் கணக்கு கண்ணில் படாது. பன்னிரண்டு வருஷமாகக் கவுண்ட்டரில் இந்த மரியாதையை முன்பின் தெரியாத சக ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் முதலில் முகத்தைப் பார்த்தேன்.

வேறொரு டாக்டர்தான் எண்ணும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் 'என்ன தின்றீர்கள்' என்று கேட்காமல், அம்மாவின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.4, இரும்புச் சத்துக் குறைவு. ஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோடு எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. 1968-இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்பவர் நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் கவனித்த மாறுபட்ட ஹீமோகுளோபினிலிருந்து வளர்ந்த பரிசோதனை இது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலே ஏ1சி கூடுதலாகக் காட்டும். ரத்தப் பெருக்கிலும், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களிலும், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் குறைத்துக் காட்டும். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, 'சாப்பாடு எப்படி?' என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். முதல் வருஷத்திலிருந்தே, சுகர் ஏறினால் நான் சத்தம் போடுவேன் என்று கீரை, பருப்பு, குழம்பு எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பசித்தால் சர்க்கரை போடாத காப்பி. சாப்பாட்டோடு குடிக்கும் காப்பி இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

ஆக, நான் அவள் மேல் வீசிய எண்ணில் என் பங்கும் கொஞ்சம் இருந்தது.

நான்கு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்ட பிறகு ஏ1சி 7.2. நோட்டின் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துவந்தது. இதை அவளிடம் சொன்னபோது பெரிதாகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதமும் சரியில்லை, ஹீமோகுளோபின், சிவப்பணு என்று விளக்கமாகத்தான் வந்தது. 'சரி போ' என்றாள். நம்பாதவனுக்குச் சாட்சியம் கிடைத்துவிட்டது. ஆனால் சாட்சியம் கிடைத்ததால்தானே நம்புகிறான் என்ற கணக்கு அவளுக்குத் தெரியாதா? 7.2 வராமல் 8.1 ஆகவே நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் அதை யோசிக்காமல் சில நாள் இருந்தேன்.

அந்த வெல்லம் பற்றி விசாரித்தேன். என் மகளுக்குப் பால் கொழுக்கட்டை செய்வதற்காக வைத்திருந்தது என்றாள். அதில் ஒரு துண்டும் வாயில் போட்டதில்லையா என்று கேட்க நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆடி மாதத்திலிருந்து மறுபடியும் நோட்டில் எழுதுகிறாள். இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் இடம் விட்டு வேறு சங்கதிகளும் இருக்கின்றன. 'தூக்கம் இல்லை.' 'கால் எரிச்சல், வலது.' 'கரண்ட் இல்லை, கொசு.' நான் பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை. பார்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமைக்கு எதிரே 187 என்று குண்டாக எழுதி, அதன் கீழே: 'கோயிலில் சர்க்கரைப் பொங்கல். தொன்னையில் பாதி. நல்லா இருந்தது.'